நீச்சல் குளத்துக்கு விறகு ஹீட்டர்: நண்பருக்குக் கடிதம்

மஞ்சக்குப்பம், கடலூர்
புரட்டாசி

அன்புள்ள ராஜவேலு,

நலம். நலமறிய ஆவல். நீச்சல் குளத்துக்கு விறகு ஹீட்டர் எப்படிக் கட்டுவது என்று கேட்ட உன் கடிதமும் குளத்தின் அளவுகளும் கிடைத்தன. மார்கழிக் காலையில் பெரியவர்கள் இறங்கிக் கை கால் அசைக்க வேண்டும் என்றால் 29 டிகிரியாவது வேண்டும், நீ கேட்டது சரிதான். அரியாங்குப்பத்தில் திறந்த வெளிக் குளம் அந்த மாதத்தில் 24-இல் நிற்கிறது என்று அளந்து எழுதியிருக்கிறாய். ஆக, 5 டிகிரி ஏற்ற வேண்டும்.

முதலில் கணக்கு. 8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.25 என்றால் 40,000 லிட்டர். ஒரு டிகிரி ஏற்ற 40,000 கிலோ கலோரி. ஓரளவு காய்ந்த சவுக்கு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி கொடுக்கும். நாம் கட்டும் அடுப்பில் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீருக்குள் போகும், 1,600 என்று வைத்துக்கொள். ஒரு டிகிரிக்கு 25 கிலோ விறகு, 5 டிகிரிக்கு 125 கிலோ. தண்ணீருக்கு 20 முதல் 25 கிலோவாட் சூடு கொடுக்கும் அடுப்பென்றால் 9 முதல் 12 மணி நேரம் எரிக்க வேண்டும். முதல் நாள் இது பாரமில்லை. தினமும் இழக்கும் சூடுதான் விறகைத் தின்னும்.

அதனால் அடுப்புக்கு முன்னால் குளத்துக்கு மூடி வாங்கு. 32 சதுர மீட்டர் பரப்பில் ஓர் இரவில் 4 மில்லிமீட்டர் ஆவியாகிப் போனால் 128 லிட்டர். ஒவ்வொரு லிட்டரும் போகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. மொத்தம் 74,000; கிட்டத்தட்ட 2 டிகிரி, விறகில் 46 கிலோ. குமிழி வைத்த பிளாஸ்டிக் மூடியை, குமிழிப் பக்கம் தண்ணீரைத் தொடும்படி விரித்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். யாராவது இறங்கும்போது மூடியை முழுக்கச் சுருட்டிவிட வேண்டும். பாதி மூடிய குளத்தில் மூடிக்கு அடியில் போன பிள்ளை மேலே வர முடியாது.

இனி சுருள், அதாவது நெருப்புக்கு மேலே குளத்துத் தண்ணீர் ஓடிச் சூடேறும் குழாய். ஏ.சி. மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாயைச் சுற்றி டிரம்முக்குள் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வளைக்க எளிது, உள்ளே பொடி மணல் அடைத்துச் சுற்றினால் மடங்காது. ஆனால் குளத்துத் தண்ணீரின் பி.எச். 7-க்குக் கீழே இறங்கி அமிலமானால் செம்பு கரையும்; தரையில் கறை, வெளுத்த முடியில் பச்சை. செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்ற வாதமும் இங்கே செல்லாது. தடை இருப்பது புகைக்கும் குழாய்க்கும் இடையில். குழாயின் சுவரில் இல்லை. ஆகவே எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 ரகம், ஒரு அங்குல பைப், ஷெட்யூல் 10 என்ற சுவர்த் தடிமனில் எடு. 304 ரகம் வேண்டாம், குளோரின் குளத்து நீரில் ஊசி ஊசியாக அரிக்கும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை நெருப்புக்குள் வைக்கவே கூடாது. பூச்சிலுள்ள துத்தநாகம் சூடேறிப் புகைந்தால் அது விஷம்.

6 மீட்டர் பைப் மூன்று. ஒவ்வொன்றையும் 1.2 மீட்டராக வெட்டினால் 15 துண்டு. அவற்றை இணைக்க யு வடிவ வளைவு (யு-பெண்ட்) 14. ஒரு வரிசைக்கு 5 துண்டாக மூன்று அடுக்கு. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறையில் கொடு. முடித்ததும் தண்ணீர் நிரப்பி அழுத்தத்தை 5 பார் வரை கைப்பம்பால் ஏற்றி, அரை மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீயே நின்று பார். தண்ணீர் அடியில் நுழைந்து மேலே வெளியேற வேண்டும், ஒவ்வொரு துண்டும் போகும் திசையில் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் ஏறவேண்டும். காற்றும் ஆவியும் தங்க ஒரு மேடுகூட இருக்கக் கூடாது. தண்ணீரை இரண்டு சுருளாகப் பிரித்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஒன்றில் ஆவி அடைத்தால் தண்ணீர் முழுக்க மற்றதில் ஓடிவிடும், அடைத்தது சிவக்கும்.

டிரம் வேண்டாம். கடற்காற்றுக்குச் சீக்கிரம் ஓட்டை விழும். உள்ளே 40 சென்டிமீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீளம் வருமாறு ஃபயர் பிரிக்கால் கட்டி, வெளியே சாதாரணச் செங்கல். உள்பக்க இணைப்புக்கு ஃபயர் கிளே மட்டும். சிமெண்ட் கலவை சூட்டில் உதிரும், கொத்தனார் பழக்கத்தில் அதைத்தான் குழைப்பார், பக்கத்தில் நில். விறகு எரியும் வார்ப்பிரும்புச் சல்லடைத் தட்டு முன்பக்கம் 60 சென்டிமீட்டருக்குப் போதும், அதற்கடியில் சாம்பல் குழியும் காற்றுக் கதவும். தட்டிலிருந்து அடியடுக்குக் குழாய் வரை 45 சென்டிமீட்டர் இடம் விடு. தீ நாக்கு குளிர்ந்த குழாயைத் தொட்டால் எரிந்து முடியாமலே அணைந்து கரியாகப் படியும். கரி படிந்த குழாய் போர்வை போர்த்திய மாதிரி, அதற்குள் சூடு இறங்காது. பின்பக்கச் சுவரைச் செங்கலால் அடைக்காமல், உள்ளே செராமிக் வுல் (சூடு தாங்கும் பஞ்சு) ஒட்டிய 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை போல்ட் போட்டு வை. வாரம் ஒருமுறை அதைக் கழற்றி கம்பி பிரஷால் உலர்வாகவே தேய்க்க வேண்டும். பைப் சுவரைத் தாண்டும் இரு இடத்திலும் சுற்றி 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு செராமிக் வுல் திணி. பூசி இறுக்கினால் பைப் நீளும்போது சுவர் வெடிக்கும்.

புகைபோக்கி பின்பக்கம், 6 அங்குல விட்டம், 4 மீட்டர் உயரம், கழற்றக்கூடிய இரண்டு துண்டாக. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல், இரண்டும் நம் கரையில்தான் ஏறின. எச்சரிக்கை வந்ததும் மேல் துண்டை இறக்கிப் படுக்க வைக்கும்படி நடுவில் போல்ட் போட்ட ஃபிளாஞ்ச் இணைப்பு இருக்கட்டும். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருந்தால் நுனியில் கம்பி வலை கட்டாயம். வலை கரியால் அடைத்துப் புகை திரும்பும், அதையும் வாரம் ஒருமுறை தட்டு.

அடுப்பை பம்ப் அறையில் வைக்காதே. குளோரினும் ஆசிடும் அங்கேதான் இருக்கும், நெருப்புப் பக்கம் அவை வரவே கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைச் சாய்க்கும். வெளியில், மேலே கூரை மட்டும் போட்ட இடம் போதும்.

குழாய் இணைப்பு. ஃபில்டருக்குப் பிறகு, சுருளைத் தொடாமல் நேரே குளத்துக்குப் போகும் பைபாஸ் வழி ஒன்றை வால்வோடு எடு. பம்பின் ஓட்டம் முழுவதும் சுருளுக்கு வேண்டாம். மணிக்கு 2,150 லிட்டர், அதாவது 18 லிட்டர் வாளி அரை நிமிடத்தில் நிறைய வேண்டும். அந்த ஓட்டத்தில் நல்ல நெருப்புக்குத் தண்ணீர் 10 டிகிரி கூடி வெளிவரும். கொதிக்கக் கொதிக்க வந்தால்தான் ஹீட்டர் வேலை செய்கிறது என்று பலர் ஓட்டத்தைக் குறைப்பார்கள். குளத்துக்குப் போகும் சூடு அதனால் அதிகமாகாது, குழாய்க்குள் சுண்ணாம்பு படிவதுதான் அதிகமாகும். ஹீட்டரிலிருந்து இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் உலோகப் பைப், அப்புறம் சூடு தாங்கும் சிபிவிசி. சாதா பிவிசி 60 டிகிரியிலேயே இளகும். குளோரின் போடும் இடம் ஹீட்டருக்குப் பின்னால். மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மாத்திரை போடும் வழக்கத்தை நிறுத்து. இரவெல்லாம் ஊறிய தண்ணீர் பி.எச். 3 அளவுக்குப் புளித்து, காலையில் பம்ப் போட்டதும் நேரே சுருளுக்குள் வரும்.

இனி எழுதுவதை இரண்டு முறை படி. சுருளுக்குள் நிற்பது 11 லிட்டர்தான். கரண்ட் போய் பம்ப் நின்றால், நெருப்பு நிற்காது. அந்த 11 லிட்டர் 35 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வர 2 நிமிடம் போதும். நீ ஓடிப்போய் சாம்பல் வாருவதற்குள் ஆவியாகிவிடும். ஆகவே வெளிவழியில் வால்வே கூடாது, ஆவி குளத்துக்குப் போக வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். சுருளின் மேல் வாயிலேயே அழுத்தம் 2 பாரைத் தாண்டினால் தானே திறக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வு, அதன் வாய் தரையைப் பார்த்து.

இதோடு ஒரு மேல்தொட்டி. 1,000 லிட்டர் சின்டெக்ஸ், அதன் அடி ஹீட்டரைவிட 2 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து முக்கால் அங்குலக் குழாய், ஒரு கேட் வால்வு, ஒரு என்.ஆர்.வி. (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு), பிறகு சுருளின் உள்வாய். பம்ப் வரும் வழியிலும் ஒரு என்.ஆர்.வி. வை, இல்லையென்றால் தொட்டித் தண்ணீர் ஃபில்டர் பக்கம் திரும்பி ஓடும். பம்ப் ஓடும்போது அதன் அழுத்தம் தொட்டியின் என்.ஆர்.வி.-யை மூடி வைத்திருக்கும். பம்ப் நின்ற நொடியில் தொட்டி தானாகப் பாயும். இதற்குக் கரண்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம். நிமிடத்துக்கு 20 லிட்டர் போனால் 50 நிமிடம் தாங்கும், அதற்குள் காற்றுக் கதவை மூடித் தணலை வெளியே இழுத்துவிடலாம். கேட் வால்வை விறகு பற்றவைக்குமுன் திற, தணல் ஆறிய பிறகுதான் மூடு. பம்ப் ஓடும்போதே தொட்டி நீர் குறைந்துகொண்டு வந்தால் ஹீட்டர் வாயில் அழுத்தம் தொட்டி நீரின் அழுத்தத்தைவிடக் குறைவு என்று அர்த்தம். பைபாஸ் வால்வை இன்னும் கொஞ்சம் மூடு. விறகு பற்றவைப்பதற்கு முன்னால், குளிர்ந்த நிலையில் மெயினை அணைத்துத் தொட்டி பாய்கிறதா என்று சோதித்துப் பார்.

முதல் தடவை மூட்டும்போது சுருளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். வெல்டிங் கசிகிறது என்று பதறாதே. 25 டிகிரி குழாயில் புகையின் ஈரம் குளிர்ந்து சொட்டுகிறது. நெருப்பு பலமானதும் குறைய வேண்டும். நிற்காமல் கறுப்பாக, பிசினாக வழிந்தால் விறகு ஈரம். உண்மையான கசிவு என்றால் நெருப்பில்லாமல் பம்பை மட்டும் ஓட்டினாலும் சொட்டும்.

விறகுக்கு இங்கே தென்பெண்ணைக் கரையில் சவுக்கு வெட்டு தொடங்கிவிட்டது. ஆனால் இப்போது வெட்டியது இந்த மார்கழிக்கு ஆகாது. கோடைக்கு முன் வெட்டி அடுக்கியதாகக் கேட்டு வாங்கு. முனையில் வெடிப்பு ஓடியிருக்கும், இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்கும். ஐப்பசி மழைக்குமுன் கூரைக்குக் கீழே ஏற்றிவிடு. மெல்லிய கிளையான மிலார் மூட்டுவதற்கு, கட்டை தொடர்வதற்கு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஓடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதே. அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், குழாயில் தாராகப் பிடிக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் உடைக்கும் பழைய படகுக் கட்டையும் வேண்டாம், பெயிண்டும் உப்பும் ஊறியது, எஸ்.எஸ். பைப்பை வெளியிலிருந்து அரிக்கும்.

சுண்ணாம்பு படிந்தால் அதே நெருப்புக்கு 10 டிகிரி ஏறியது குறையும், புகைபோக்கி முன்னைவிடச் சுடும். உள்வாயிலும் வெளிவாயிலும் ஒரு வெப்பமானி வைத்து நோட்டில் எழுதி வந்தால் உடனே தெரியும். இரு பக்கமும் குழாயை இணைக்கும் யூனியனைக் கழற்றி, 5 சதவீத சிட்ரிக் ஆசிட்டைச் சின்ன பம்பால் இரண்டு மணி நேரம் சுற்ற விடு. கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தொடாதே, எஸ்.எஸ்.-இல் குழி விழும்.

வெயில் அடிக்கும் தை மாதத்துக்குக் கறுப்புக் குழாய்ப் பாய் விரித்து சூரிய ஒளியிலேயே சூட்டைத் தக்க வைக்கலாம், விறகை மூட்டமான நாட்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். உன் மாடியில் குளத்தின் பரப்பில் பாதியாவது காலி இடம் இருக்கிறதா?

போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும் பரிசோதித்து எண்ணை எழுது. குளோரைடு கூடுதலாக இருந்தால் 316-ம் போதாது. சுருளில் குளத்து நீர் ஓடாமல் தனி மூடிய சுற்றும், அதன் சூட்டைக் குளத்து நீருக்கு மாற்றும் பிளேட் எக்ஸ்சேஞ்சரும் வைத்து வரைபடத்தையே மாற்ற வேண்டியிருக்கும். அது தெரியும்வரை பைப் வாங்காதே.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்