உன் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும்: திருச்சபைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திருச்சபைகளின் பேராயர்களுக்கும் ஆயர்களுக்கும் சேகரக் குழு உறுப்பினர்களுக்கும், கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஓய்வுநாளைக் குறித்து நம் பிரசங்க பீடங்களில் நான் கேட்டுவந்த போதனை பெரும்பாலும் இரண்டு காரியங்களில் அடங்கிவிடுகிறது. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடக் கூடாது. அன்று வியாபாரமும் கேளிக்கையும் தகாது. இவ்விரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நமக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் ஓய்ந்திருக்க வேண்டும் என்று வேதம் அத்தனை அழுத்தமாகச் சொல்வது நம் நடுவில் ஏறக்குறையக் காதில் விழுவதே இல்லை. அதை மறுபடியும் பிரசங்கிக்க வேண்டும் என்றும், முதலாவது திருச்சபையின் சொந்த வளாகங்களில் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

பத்துக் கற்பனைகள், அதாவது தேவன் கொடுத்த பத்துக் கட்டளைகள், வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு. ஞாயிறு பள்ளியில் நம்மில் பலர் மனப்பாடம் செய்தது இதைத்தான். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் மோசே அதே கற்பனையைத் திரும்பச் சொல்லும்போதோ, நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னை அங்கிருந்து புறப்படப்பண்ணினார், ஆகையால் இந்த நாளை ஆசரி என்கிறார். நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்ற வாக்கியம் அங்கேதான் இருக்கிறது. எருதும் கழுதையும் வாசலுக்குள் இருக்கிற அந்நியனும்கூட விட்டுப்போகவில்லை. கற்பனை வீட்டின் எஜமானை நோக்கிப் பேசுகிறது, ஏனெனில் ஓய்வு கொடுப்பதும் மறுப்பதும் அவன் கையில்தான் இருக்கிறது. தங்கள் தேவனுக்குப் பலியிடப் போகவேண்டும் என்று எபிரெயர் கேட்டபோது, நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள் என்று சொல்லி, வைக்கோலையும் நிறுத்திவிட்டுச் செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வாங்கியவன் எகிப்தின் ராஜாவாகிய பார்வோன். அவனிடமிருந்து விடுதலையான ஜனம் தன் வீட்டுக்குள் இன்னொரு பார்வோனாக மாறிவிடாதபடி வைக்கப்பட்ட காவல் என்றே இந்தக் கற்பனையை நான் வாசிக்கிறேன்.

கற்பனைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலையை அடையும் முன்பே, வனாந்தரத்தில் தேவன் கொடுத்த ஆகாரமாகிய மன்னாவின் மூலம், அந்த ஜனம் ஓய்வுநாளைக் கற்றுக்கொண்டது. ஆறாம் நாளில் ஆளுக்கு இரண்டு ஓமர், அதாவது மற்ற நாட்களைவிட இரட்டிப்பு அளவு, கிடைத்தது. ஏழாம் நாளுக்காக எடுத்துவைத்தது நாறவும் இல்லை, புழுப் பிடிக்கவும் இல்லை. வேலையை நிறுத்து என்று சொன்னவர், நிறுத்துகிற நாளின் ஆகாரத்தையும் முன்னதாகவே கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். வராத நாளுக்குக் கூலி இல்லை என்று சொல்லி அனுப்பப்படும் பெண்ணுக்கு அந்த நாள் ஓய்வாவது எப்படி? சம்பளத்தோடு கூடிய ஓய்வே வேதம் காட்டும் ஓய்வு.

இயேசு ஓய்வுநாளைத் தள்ளிவிட்டார் என்று சிலர் போதிக்கிறார்கள். லூக்கா 13ஆம் அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த ஒரு பெண்ணை அவர் ஜெப ஆலயத்தில் குணமாக்குகிறார். ஆலயத் தலைவன் கோபப்படுகிறான், ஆனால் இயேசுவிடம் நேராகப் பேசாமல் ஜனங்களைப் பார்த்து, வேலை செய்ய ஆறு நாள் உண்டே, அந்த நாட்களில் வந்து சொஸ்தமாக்கிக்கொள்ளுங்கள் என்கிறான். ஓய்வுநாளில் எருதை அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறீர்களே, ஆபிரகாமின் குமாரத்தியாகிய இவளை இந்நாளில் கட்டவிழ்க்க வேண்டாமோ என்று ஆண்டவர் கேட்கிறார். இந்நாளிலும்கூட என்று சலுகை கேட்கும் தொனி அதில் இல்லை; இதற்கு இந்நாளைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை என்பதுபோல் பேசுகிறார். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று மாற்கு 2ஆம் அதிகாரத்தில் அவர் சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா என்ற வாதத்தில் நாம் நெடுங்காலம் செலவிட்டுவிட்டோம். இயேசு உயிர்த்தெழுந்த நாளாகிய ஞாயிற்றில் அப்பம் பிட்பதற்கு ஒன்றுகூடும் வழக்கம் அப்போஸ்தலர் காலத்திலேயே காணப்படுகிறது. 321ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிற்றை ஓய்வு நாளாக அறிவித்தார், ஆனால் வயல் வேலைக்கு விலக்கு அளித்தார். ஏழாம் நாளை ஆசரிக்கிற அட்வென்டிஸ்ட் சகோதரர்களை நான் மதிக்கிறேன். ஓய்வுநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்ற பவுலின் வார்த்தை இரு தரப்புக்கும் போதுமானது.

நம் தேசத்தில் பம்பாய் மில் தொழிலாளருக்கு 1890இல் ஞாயிறு விடுமுறை கிடைக்கப் போராடியவர், ஜோதிராவ் பூலேயின் சமூகச் சீர்திருத்த இயக்கமான சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே. 1942இல் வந்த வார விடுமுறைச் சட்டம் கடைகளையும் உணவகங்களையும் திரையரங்குகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. வீட்டு வேலை செய்கிறவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்கு வாரந்தோறும் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று கூறும் 2011ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. சட்டம் வரும்வரை கிறிஸ்தவக் குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை. உபாகமம் நம் கையில் இருக்கிறது.

ஆகவே, ஆராதனைக்கு வருகிற நம்முடைய வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவருக்கும் அந்த ஓய்வு உரியது என்று பீடத்திலிருந்து பெயர் சொல்லிப் போதியுங்கள். விடுதிச் சமையற்காரர், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர், பள்ளிக் காவலாளி, மணியடித்து ஆலயத்தைத் திறக்கிறவர் ஆகிய எல்லாருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள், சம்பளப் பிடித்தம் இல்லாமல், எழுத்தில் உறுதி செய்யப்படட்டும். ஞாயிறு முழுவதும் நமக்காக உழைப்பவர்களுக்கு வேறொரு நாள் கொடுங்கள். மூன்று ஆராதனைகளும் நோயாளர் சந்திப்பும் முடித்துவிட்டு இரவில் வீடு திரும்பும் ஆயர்களுக்கும் அது வேண்டும். அசன விழா என்னும் சபை விருந்து நாட்களில் விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சேகரக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, எடுக்கும் தீர்மானத்தைச் சபையாருக்கு வாசித்து அறிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருக்குள்,
திருச்சபையின் ஓர் அங்கத்தினர்