நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன், ஐயா

அன்பு மகனுக்கு,

அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பின்வாசல் ரம்புத்தான் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. அக்கா வந்து போனாள், அவள் வீட்டு விஷயத்தை அப்புறம் தனியாக எழுதுகிறேன், இப்போது மனசு அதில் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினாயே, கைக்குழந்தைகூடத் தன் இனத்து முகத்தைத்தான் விரும்பிப் பார்க்கிறது, அதனால் இனவெறுப்பு மனிதனுக்கு இயற்கை என்று. கீழே "பாத்தீங்களாம்மா" என்று மட்டும் போட்டிருந்தாய். போனில் பேசினால் நீ வேகமாகப் பேசுவாய், நான் சரி சரி என்று விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

அந்த ஆராய்ச்சி பொய்யில்லை. ஆனால் உனக்கு வந்த செய்தியில் பாதியைத்தான் போட்டிருக்கிறார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், பிறந்த சில நாட்களே ஆன குழந்தைகள் எந்த இன முகத்தையும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. மூன்று மாதம் ஆன பிறகுதான் தினம் பார்த்துப் பழகிய முகத்தைக் கூடுதல் நேரம் பார்த்தன. அடுத்த வருஷமே இஸ்ரேலில் இன்னொரு ஆய்வு வந்தது. எத்தியோப்பியாவிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள், வெள்ளை முகம் கறுப்பு முகம் இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்கள், மூன்று மாதத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்கள். அப்புறம், கூடுதல் நேரம் பார்ப்பது வெறுப்பா ஐயா? உன் மகள், நம் பாப்பா, கைக்குழந்தையாக இருக்கும்போது சுவரில் ஓடுகிற காற்றாடியைத்தான் நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ படித்தவன், எங்கள் குடும்பத்தில் முதல் இன்ஜினியர், நம் ஊர் காப்பார் பக்கம் யாரைப் பார்த்தாலும் அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதிச் செய்தியை முழுசாக நம்பி அனுப்புகிறவன் இல்லையே நீ. உனக்கு அந்தப் பாதி தேவைப்பட்டிருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

எதனால் என்று தெரியாமல் இல்லை. பினாங்குக்குப் போன புதிதில் வீடு தேடினாயே, போனில் எல்லாம் பேசி முடித்து, முன்பணம் எவ்வளவு என்றுகூடக் கேட்டு, கடைசியில் உன் பேரைச் சொன்னதும் "வீட்டுக்காரருக்கு இந்தியர் வேண்டாமாம்" என்றானே அந்த ஏஜெண்ட். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. மருமகள் அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை, உனக்குச் சொல்லவேண்டாம் என்றார். அது அநியாயம். அதை மறந்துவிடு, பெரிய மனசு பண்ணு என்று உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உனக்கு அந்தக் கோபம் வர உரிமை இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல். காப்பார் மாமா கூட்டுச் சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனாரே, அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்தது, அப்போது நீ என்ன சொன்னாய்? "தமிழனுங்களே இப்படித்தான்" என்றா சொன்னாய்? அவர் பேரைச் சொல்லித் திட்டினாய், அவர் அப்பா பேரையும் சேர்த்துத் திட்டினாய், அதோடு நின்றது. சீன வீட்டுக்காரர்கள் சிலர் வீடு தரவில்லை என்றதும் சீனர் எல்லாரும் அப்படி ஆகிவிட்டார்கள். இரண்டுமே அனுபவம்தான், இரண்டுமே பணமும் மானமும் போன அனுபவம். ஒன்று ஓர் ஆளோடு நின்றது, இன்னொன்று ஓர் இனம் முழுவதுக்கும் போனது. அந்த "எல்லாரும்" என்பது உனக்கு நடந்ததில் இல்லை ஐயா, முன்னாலேயே யாரோ உன் காதில் போட்டு வைத்திருந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் நான் வளர்ந்த கதையை நீ சின்ன வயசில் கேட்டிருக்கிறாய், பெரியவன் ஆனதும் கேட்பதில்லை. வெள்ளைக்காரன் நம்மை ரப்பர் தோட்டத்தில் வைத்தான், மலாய்க்காரர்கள் கம்பத்தில், அதாவது அவர்கள் கிராமத்தில், இருந்தார்கள், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் லட்சக்கணக்கான சீனர்களைப் புதுக்கிராமங்களில் வேலிக்குள் கொண்டுபோய் வைத்தான். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த எங்களுக்குத் தெரிந்த ஒரே சீனர் மளிகைக்கடைக்காரர். மலாய்க்காரர் யார் வீட்டு வாசலையும் நான் மிதித்ததில்லை. அப்படியும் பாட்டியிடம் எல்லா இனத்துக்கும் ஒரு பட்டியல் இருந்தது, யார் ஏமாற்றுவான், யார் சோம்பேறி, யார் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று. வேறு இனம் வரைக்கும் ஏன் போகவேண்டும், பக்கத்து லயத்தில் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கே பாட்டி கணக்கு வைத்திருந்தார். அவர் யாரிடம் என்ன அனுபவப்பட்டார்? ஊரிலிருந்து கப்பலில் கூடவே வந்தது அது.

1969 மே 13 அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. கோலாலம்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம், அரசு சொன்ன கணக்கே 196 உயிர். எங்கள் தோட்டத்தில் ஒரு கல் விழவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பெரியவர்கள் பேசிய பேச்சு பிள்ளைகள் எங்கள் எல்லார் மனசிலும் ஏறியது. அடுத்த வருஷம் டவுன் பள்ளியில் ரிமூவ் கிளாஸ், தமிழ், சீனப் பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்கு முன் படிக்கிற புகுமுக வகுப்பு, போனபோது என் பக்கத்தில் ஒரு சீனப் பெண் உட்கார்ந்தாள், புதுக்கிராமத்திலிருந்து வந்தவள். ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள், "தமிழர்கள் குடிப்பார்கள், வெட்டுவார்கள், ஜாக்கிரதை" என்று வீட்டில் சொல்லி அனுப்பினார்களாம். அவளும் அதற்கு முன் ஒரு தமிழரோடு பேசியதில்லை. அந்தக் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்து நடத்தியது நிர்வாகம் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? அவள்தான் நீ ஆண்ட்டி என்று கூப்பிடுகிறவர், நீ பிறந்தபோது இஞ்சி போட்டுக் கோழி சமைத்துக் கொண்டுவந்தவர். கேட்டால் "அவங்க வேறம்மா" என்கிறாய். நல்லது நடந்தால் அது தனி ஆளாம், கெட்டது நடந்தால் இனமாம். இப்படிக் கணக்குப் போட்டால் எத்தனை அனுபவம் வந்தாலும் மாறாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது கேள்விப்பட்ட ஒன்றை நான் மறக்கவே இல்லை. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக்கொன்ற மறுநாள், அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ரைஸ்வில் என்ற சின்ன ஊரில், ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்துப் பிரித்தார். இந்த நிறக் கண் உள்ளவர்கள் புத்திசாலிகள், அந்த நிறம் மட்டம் என்றார். எல்லாருமே வெள்ளைக்காரப் பிள்ளைகள், ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒரே நாளில் ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ண ஆரம்பித்துவிட்டார்கள், மட்டம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் பாடத்திலும் பின்தங்கிப்போனார்கள். பிறகு அவர் பக்கத்தை மாற்றியதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஓர் ஆசிரியை வாயால் சொன்னது அவ்வளவு வேலை செய்தது. அப்பா அம்மா சொன்னால் எவ்வளவு வேலை செய்யும்?

அதனால்தான் சொல்கிறேன், காரில் பேசும்போது பாப்பா பின் சீட்டில் இருக்கிறாள் என்பதை நினைவில் வை. அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு பேசாதே.

உன் கொண்டோ அடுக்குமாடியில் லிஃப்ட் துடைக்கிற பெரியவரைப் பற்றி நீ பேசுவதை நான் அங்கு வந்திருந்தபோது கேட்டேன். "இந்த பங்ளாக்காரனுங்க" என்று ஆரம்பித்தாய். குடிப்பானுங்க, திருடுவானுங்க, குளிக்கமாட்டானுங்க. நம் தாத்தாவைப் பற்றிச் சொன்ன அதே மூன்று சொல். கடன் வாங்கிக் கப்பல் ஏறி, லயத்தில் ஒரு அறைக்குள் ஒரு குடும்பமாகக் கிடந்த நம்மைப் பற்றி மற்றவர்கள் சொன்னது. சீனர் விஷயத்திலாவது உனக்கு அந்த வீட்டுச் சம்பவம் இருக்கிறது. பங்களாதேஷிலிருந்து வந்த எவர் உனக்கு என்ன செய்தார்? உன் பெட்டியை அந்தப் பெரியவர்தான் மேலே தூக்கிக்கொண்டு வந்தார் என்று மருமகள் சொன்னாள். இது உன் அனுபவத்திலிருந்து வரவில்லை. இந்த வீட்டிலும் நீ கேட்டதில்லை, அப்பா வாயிலிருந்து ஒரு நாள் வந்ததில்லை, அவர் துறைமுகத்தில் எல்லா இனத்தோடும் மூட்டை தூக்கியவர். அப்படியானால் எங்கிருந்து எடுத்துக்கொண்டாய்? ஆபீஸ் கேன்டீனிலா, அந்த வாட்ஸ்அப் குரூப்பிலா? எனக்கு இதற்குப் பதில் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பா சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "பாட்டி, கீழே போகக்கூடாது, அந்த பங்ளா புடிச்சிட்டுப் போயிடுவான்" என்றாள். நீ பக்கத்தில் சிரித்தாய், எனக்குக் கேட்டது. ஐந்து வயசு ஐயா அவளுக்கு. அவளுக்கு எந்த ஏஜெண்ட்டும் வீடு இல்லை என்று சொல்லவில்லை, யாரும் அவளைத் தள்ளிவிடவில்லை. உனக்காவது பட்ட வலி இருக்கிறது, அவளுக்கு நீ பேசினது மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு அவள் பேரைக் கேட்டு அவளுக்கு யாராவது வீடு இல்லை என்றால் நாம் எந்த வாயால் அழுவது?

நீ நல்லவன். காய்ச்சல்காரப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன், இல்லையென்றால் தீபாவளிக்கு என்ன பலகாரம் வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டிருப்பேன். வீடு தராதவர்கள் மீது புகார் எழுது, பேப்பருக்கு எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன். காரில் மட்டும் பேசாதே, பாப்பா கேட்கிறாள்.

இதைப் படித்ததும் கீழே இறங்கிப் போ. அந்தப் பெரியவர் பேர் என்ன, எந்த ஊர், வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேள். பாப்பாவைக் கூடவே கூட்டிக்கொண்டு போ, மாமா என்று கூப்பிடச் சொல்லிக்கொடு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன். மாமா பேர் என்ன என்று பாப்பாவிடம்தான் கேட்பேன்.

அம்மா

மருமகளுக்கு வடகம் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.