அம்மாவின் பித்தக்குழாய்க் கல்

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது வயிற்றுக்கோளாறு என்று சொன்னேன். பொய்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண் காட்டினாள். இப்போது அவள் உறங்குகிறாள், எழுதுகிறேன்.

மழையில் ரப்பர் வெட்டு நின்றிருந்த நாட்கள். அவளுக்குக் கண் மஞ்சளித்தது, சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனது, ராத்திரி முழுக்கச் சொறிந்தாள். காமாலை என்று நானே முடிவுகட்டி, வரப்பில் கீழாநெல்லி பிடுங்கி மோரில் அரைத்து ஒன்பது நாள் கொடுத்தேன். பத்தாம் நாள் இரவு குளிர்காய்ச்சல். இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. விடியுமுன் வண்டி பிடித்து நாகர்கோவில், மறுநாள் திருவனந்தபுரம்.

ஈரலில் நோய் இல்லையாம். பித்தப்பையில் உருவான கல் பித்தக்குழாய்க்குள் இறங்கி, பித்தம் குடலுக்கு வரும் வழியை அடைத்திருக்கிறது. தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்ததால்தான் அந்த நடுக்கம். வயிற்று ஸ்கேனில் குழாய் வீங்கியிருப்பது மட்டும் தெரிந்தது. குடல் காற்று மறைத்ததால் கல் தெரியவில்லை. பிறகு காந்த ஸ்கேனில் அகப்பட்டது: 18 மில்லிமீட்டர், ஒரு அரைநெல்லிக்காய் அளவு. டாக்டர் எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொன்னதும் குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

வயிற்றைக் கிழிக்கவில்லை. வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு, பித்தக்குழாயின் வாயைச் சற்றுக் கீறினார்கள். சிறு கல் என்றால் பலூனோ கம்பிக்கூடையோ போட்டு அன்றே இழுத்துவிடுவார்களாம். 15 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பெரும்பாலும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். காய்ச்சலோடு கிடந்தவளை அதிக நேரம் வைத்திருக்க அவர்கள் துணியவில்லை. கல்லைத் தாண்டி ஸ்டென்ட் என்ற சிறு பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்து, பித்தத்துக்கு வழி விட்டார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. கணையம் வீங்கக்கூடும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

அதனால் இப்போது பதறிக்கொண்டு டிக்கெட் எடுக்காதே. அந்த ஸ்டென்டை அப்படியே விடக்கூடாது, அடைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் மறுபடி போய், லேசரால் கல்லை உடைத்து எடுக்க வேண்டும்; பிறகு பித்தப்பையையும் அகற்ற வேண்டும். உன் லீவை அதற்கு வை. தேதியை உன் போனிலும் குறித்துக்கொள், என் ஞாபகம் உனக்குத் தெரியும்.

இன்னொன்று. யாரிடமும் நேந்திரங்காய் வறுவல் கொடுத்தனுப்பச் சொல்லிக் கேட்காதே. எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள். நீ கேட்டால் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவாள். வறுத்ததில் பாதியை அவளே தின்பாள்.

அப்பா