பட்டியலுக்குத் தேதி போடுங்கள்: லைசென்ஸ் தேர்வு வழிகாட்டிக் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். அமெரிக்காவில் சிவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்காக நீங்கள் நடத்தும் குழுவில் நானும் நெடுநாளாக இருக்கிறேன். சம்பளம் வாங்காமல், வீட்டு வேலை, ஆபீஸ் வேலைக்கு நடுவே பிறர் கேள்விக்குப் பதில் சொல்வது லேசான காரியமில்லை என்பது தெரியும். அதனால்தான் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தேன்.

போன வாரம் ஒரு தங்கை கேட்டாள்: "கட்டுமானப் பிரிவில் பி.இ. (PE, அதாவது பதிவு பெற்ற பொறியாளர்) லைசென்ஸ் தேர்வு எழுதப் போகிறேன், எந்தப் புத்தகம் வாங்கலாம்?" உங்களில் ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டீர்கள்: "பின் பண்ணியிருக்கும் லிஸ்டைப் பார்க்கவும்." அவளும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த லிஸ்ட் எந்தக் காலத்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

சிவில் தேர்வு 2022 ஜனவரியிலேயே கணினிக்கு மாறிவிட்டது. சொந்தப் புத்தகம் ஒன்றுகூட உள்ளே போகாது. லிஸ்டிலோ "பக்கங்களுக்குக் கலர் கலராக டேப் ஒட்டிக்கொள்ளவும், சக்கரம் வைத்த பெட்டி இருந்தால் வசதி" என்ற அறிவுரை இன்றும் அப்படியே இருக்கிறது. 2024 ஏப்ரலில் இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை பாதித் தேர்வு எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக இருந்தது. இப்போது 80 கேள்விகளும் அவரவர் பிரிவில்தான். ஆனால் லிஸ்டின் முதல் புத்தகத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு மட்டும் எத்தனை அத்தியாயம் என்று புரட்டிப் பாருங்கள். கட்டுமானப் பிரிவு எழுதுகிறவருக்கு அது எதற்கு?

நான் கேட்பது ஒன்றுதான். லிஸ்டில் உள்ள ஒவ்வொரு புத்தகத்தின் பக்கத்திலும், அது தேர்வின் எந்தப் பாடத்திட்டத்துக்காக, கோடுகளின் (code, அதாவது கட்டுமான விதிநூல்களின்) எந்தப் பதிப்பை வைத்து எழுதப்பட்டது, கடைசியாக நீங்கள் எப்போது சரிபார்த்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். அப்படி எழுத முடியாத புத்தகத்தை எடுத்துவிடுங்கள்.

இது ஏதோ நுணுக்கம் பார்க்கும் புத்தி என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஆபீசில் ஒரு தம்பி இருக்கிறான். விடிவதற்கு முன் சைட்டுக்குப் போய், குழந்தை தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரிப்பவன். உங்கள் லிஸ்டை வேதவாக்காக நம்பி, பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை யாரிடமிருந்தோ விலைக்கு வாங்கினான். அதில் ஒரு தூண் சென்ட்ரிங் கணக்கு. 12 அடி உயரத் தூண், மணிக்கு 5 அடி வேகத்தில் சாதாரண எடைக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள், வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட், கலவையில் ரிடார்டர் (கான்கிரீட் இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம்) உண்டு. பலகையின் மேல் பக்கவாட்டு அழுத்தம் என்ன?

புத்தகத்தின் விடை சதுர அடிக்கு 900 பவுண்டு. 9000ஐ 5 ஆல் பெருக்கி, 60 ஆல் வகுத்து, 150ஐக் கூட்டினால் வருவது அது. பழைய சூத்திரம் அவ்வளவுதான். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் (ஏசிஐ) இப்போதைய 347ஆர் வழிகாட்டியில் இதோடு இரண்டு கெழுக்கள் பெருக்கப்படுகின்றன: ஒன்று கான்கிரீட்டின் எடைக்கு, மற்றது அதன் வேதித்தன்மைக்கு. சாதாரண சிமெண்டில் ரிடார்டர் சேர்த்தால் இரண்டாவது கெழு 1.2. அப்போது விடை 1080. தம்பிக்கு வந்ததும் 1080 தான்.

அவன் செய்தது சரி. ஆனால் அச்சில் இருப்பது 900 ஆயிற்றே! ராத்திரி பதினோரு மணி வரை அதே கணக்கை அடித்து அடித்துப் போட்டிருக்கிறான். அலகு தப்பா, ரிடார்டரைத் தவறாகப் புரிந்துகொண்டோமா என்று யோசித்து, கடைசியில் கெழுவையே விட்டுவிட்டு 900 என்று எழுதிப் பழகிக்கொண்டான். மறுநாள் காலை அந்த நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியபோது, 1080 என்ற எண் பேனாவால் நான்கு தடவை அடிக்கப்பட்டிருந்தது. தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால் 900ம் ஒரு விடையாகக் கண்ணெதிரே நிற்கும். அதைப் போய் அமுக்கியிருப்பான். சைட்டில் அந்த 900ஐ நம்பினால் என்ன ஆகும் என்று சென்ட்ரிங் பிதுங்கியதைப் பார்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வுக் கட்டணம் 400 டாலர். தோற்றால் அடுத்த காலாண்டு வரை காத்திருக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் எழுதவும் முடியாது. ஆகவே தேதி போடுங்கள் என்று மறுபடியும் கேட்கிறேன்.

இன்னொன்று. தேர்வை நடத்தும் அமைப்பான என்.சி.இ.இ.எஸ். தன் தேர்வுக் கையேட்டை பி.டி.எஃப். ஆக இலவசமாகத் தருகிறது, கணக்குத் தொடங்கினால் போதும். தேர்வுத் திரையில் வருவதும் அதே கையேடுதான். எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, என்ன சொல்லைத் தட்டினால் சிக்கும் என்பது கைப்பழக்கமாக வர வேண்டும். கோடுகள் இன்னும் சிக்கல். அத்தியாயம் அத்தியாயமாகத் திறக்கும், ஒரு நேரத்தில் ஒன்றுதான், தேடுவதும் அதற்குள்தான். எந்த அத்தியாயம் என்று தெரியாதவன் தேடல் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? சாலையில் வேலை நடக்கும்போது போக்குவரத்தைத் திருப்பிவிடும் மாதிரிப் படங்கள் எம்யூடிசிடி என்ற அமெரிக்கப் போக்குவரத்துக் குறியீட்டு விதிநூலின் 2009 பதிப்பில் 6எச் (6H) அத்தியாயம், 2023 டிசம்பரில் வந்த பதினோராம் பதிப்பில் 6பி (6P). தேர்வு எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்பதை அவர்களே பட்டியலாக வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலுக்கும் இந்தக் கையேட்டுக்கும் உங்கள் லிஸ்டில் இடமில்லை. இலவசம் என்பதால் மதிப்பில்லையோ என்னவோ.

இடம் இருப்பது வேறு சில விஷயங்களுக்கு. "என் கூப்பன் கோடைப் போட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று முடியும் கோர்ஸ் பரிந்துரைகள். "மூன்றே வாரத்தில் பாஸ்" என்று மார்தட்டும் பதிவுகள். அந்த மூன்று வாரத்துக்குப் பின்னால் பத்து வருஷ சைட் அனுபவம் இருந்ததைச் சொல்ல மட்டும் மறந்துவிடுகிறார்கள். யாரோ ஸ்கேன் செய்த, பாதிப் பக்கம் சாய்ந்த புத்தகங்களின் கூகுள் டிரைவ் இணைப்பு. பள்ளம் இருபது அடியைத் தாண்டினால் பாதுகாப்பு அமைப்பைப் பதிவு பெற்ற பொறியாளர் வடிவமைக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்கிறது. அந்தப் பதிவுக்கான தேர்வுக்கு நாம் படிக்கச் சொல்லும் புத்தகத்துக்குத்தான் எந்த அமைப்பும் தேவையில்லை போலிருக்கிறது!

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோர்ஸ் விற்பதையோ தள்ளுபடிக் கோடையோ நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அது அவரவர் மனசாட்சி. பழைய புத்தகங்கள் எல்லாமே குப்பை என்றும் சொல்லவில்லை. மண் அள்ளும் கணக்கில் தோண்டிய கொள்ளளவு, லாரியில் ஏற்றிய கொள்ளளவு, இறுக்கிய கொள்ளளவு மூன்றும் எந்தப் பதிப்பிலும் மாறப்போவதில்லை. வேலைகளின் கால அட்டவணை போடும் சிபிஎம் கணக்கும் அப்படியே. இந்த இரண்டுக்கும் லிஸ்டில் உள்ள இரண்டாவது புத்தகம் இன்றும் நல்ல புத்தகம்தான், பயிற்சிக் கணக்குகள் அருமை. அதைத்தான் அதன் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்: "மண்வேலைக்கும் கால அட்டவணைக்கும் மட்டும், சென்ட்ரிங், பாதுகாப்பு, போக்குவரத்து வேண்டாம்." அரை நிமிட வேலை.

நேரமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். சமீபத்தில் தேர்வு எழுதி முடித்த சிலர், நானும் சேர்த்து, பதிப்பு வாரியாகச் சரிபார்த்துத் தரத் தயாராக இருக்கிறோம். பின் பண்ணிய பதிவைத் திருத்தும் அனுமதி மட்டும் உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த காலாண்டுக்குப் பதிவு செய்பவர்கள் புத்தகம் வாங்குவதற்குள் அதைத் திருத்தித் தருமாறு, அல்லது அதுவரை இறக்கி வைக்குமாறு, பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தங்கைக்கும் ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள். இன்னும் ஆர்டர் செய்யாமல் இருந்தாலும் இருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் ஒருவன்