கல் உருண்டையெல்லாம் முட்டை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் ஏரியைத் தூர் வாரினால் உருண்டைக் கல் வெளியே வரும். மறுநாளே ‘டைனோசர் முட்டை’ என்று படம் பரவும். 2020இல் குன்னத்திலும் இதுதான் நடந்தது. பார்வையிட்ட புவியியலாளர்கள் அவை முட்டை அல்ல என்றார்கள். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த படத்தில் இருப்பதும் முட்டைதானா என்று என்னால் சொல்ல முடியாது. உள்ளங்கையில் ஒரு கல், கீழே மாவட்டத்தின் பெயர். அவ்வளவை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

கடலடிச் சேற்றில் நத்தையோ, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் பழங்காலக் கடலுயிரோ செத்து அழுகும்போது அதைச் சுற்றிச் சுண்ணாம்பு உறைந்து உருண்டையாகும். பிறகு உட்புறம் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் நிரம்பும். உடைந்த உருண்டையில் அந்தக் கோடுகள் நடுவில் அகலமாகவும் விளிம்பை நோக்கிப் போகப்போக மெலிந்தும் இருக்கும். இதைத்தான் பலர் ‘கரு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். முட்டை என்றால் ஓடு வேண்டும். பெரிய தாவர உண்ணி டைனோசர்களின் முட்டையில் ஓடு பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. கனம், சுற்றிலும் ஏறக்குறைய ஒரே கனம். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் உடைந்த விளிம்பைப் பார்த்தால் படிகங்கள் மேற்பரப்புக்குச் செங்குத்தாக, தூண் தூணாக நிற்கும். மேலே சிறு புடைப்புகளும் நுண்துளைகளும் தெரியும். எலுமிச்சை அளவில் ஒன்று, பூசணி அளவில் ஒன்று என்று கலந்து கிடந்தால் முட்டை என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம்.

வினிகரோ அமிலமோ ஊற்றிப் பார்ப்பது வீண் வேலை. ஓடும் கால்சைட், உருண்டையும் பெரும்பாலும் கால்சைட், இரண்டுமே நுரைக்கும். மிஞ்சுவது அரிக்கப்பட்ட மேற்பரப்பு. நாக்கில் ஒட்டினால் எலும்பு என்பார்கள். களிமண்ணும்தான் ஒட்டும்.

கல்லைவிட அது கிடந்த அடுக்குதான் அதிகம் பேசும். பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊரில் சிதறிக் கிடக்கும் தோட்டா போன்ற கற்கள் பெலெம்னைட்டுகள். கணவாயின் தூரத்து உறவினத்தின் உள்ளோடு. குறுக்கே உடைந்திருந்தால் மையத்திலிருந்து ஆரக்கால் போலக் கோடுகள் ஓடும். கொம்பு, பல் என்று இவற்றைத்தான் அதிகம் கொண்டுவருகிறார்கள். இவையும் அம்மோனைட்டும் கிடக்கும் அடுக்கு கடலில் படிந்தது. அங்கே டைனோசர் கூடு கட்டியிருக்காது. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு போன்ற இடங்களில் ஆற்று மணல் அடுக்கு உண்டு. அங்கே எலும்பு கிடைத்திருக்கிறது.

ஆகவே, எடுப்பதற்கு முன் படம். பக்கத்தில் அளவுகோல், ஐந்து ரூபாய் நாணயமானாலும் சரி. ஒன்று தூரத்திலிருந்து, அடுக்கு தெரியும்படி. ஒன்று அருகில், காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது. உச்சி வெயிலில் புடைப்பெல்லாம் தட்டையாகிவிடும். கைபேசியின் ஜி.பி.எஸ். எண்களைத் தாளில் எழுதிக் கல்லுடன் அதே பையில் போடுங்கள். மண்ணோடு ஒட்டியிருந்தால் அப்படியே எடுங்கள். களிமண்ணில் கிடந்த எலும்பைக் குழாயடியில் கழுவினால் களி ஊதி, எலும்பு பிளந்துவிடும். நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகை போதும். ஃபெவிகால், வார்னிஷ் இரண்டும் வேண்டாம், பின்னால் சுத்தமாகக் கழற்ற முடியாது. அருங்காட்சியகங்களில் அசிட்டோனில் நீர்க்கக் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசினைத் தடவுவார்கள். தேவைப்பட்டால் மறுபடி கரைத்து எடுத்துவிடலாம். உடைந்த தூளைக்கூட எறிய வேண்டாம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் இறங்கவும் வேண்டாம்.

படம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கல்லமேட்டு எலும்புகளே சாட்சி. 1987இல் புருஹத்கயோசாரஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். எலும்புகள் பின்னர் பொடிந்துபோயின. உலகிலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றா என்ற வாதத்துக்கு இன்று மிஞ்சியிருப்பவை அளவுகளும் வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படம் வெளியிடும்போது அளவுகோல் இருக்கிறதா, உடைந்த பக்கம் தெரிகிறதா என்று செய்தியாளரிடம் கேளுங்கள். கல் கிடைத்த சரியான இடத்தை அச்சிட வேண்டாம், அந்த விவரத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கோ வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ அனுப்பிவையுங்கள். அச்சில் வந்த இடத்தை இரண்டே நாளில் கடப்பாறை கொண்டு தோண்டிவிடுகிறார்கள்.

– ஒரு வாசகர், அரியலூர்