தேன்மொழிக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வீட்டு விஷயமெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். போன வாரம் வந்த உன் மின்னஞ்சலில், உன் பெயருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் குடும்பப் பெயர், ஷஃபிள்பாட்டம் என்று இருந்தது. நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்ட பெயரின் பூர்வீகமாவது உனக்குத் தெரியட்டும்.

ஆபீஸில் யாராவது கேலி செய்தால் கூசாதே. வட இங்கிலாந்தின் லங்காஷயரில் பாட்டம் என்றால் பள்ளத்தாக்கின் அடி. பென்னைன் மலையோரம் முழுக்க அந்தப் பெயர்தான்: ராம்ஸ்பாட்டம், விண்டர்பாட்டம், ஹிக்கின்பாட்டம். உட்காரும் இடம் என்ற அர்த்தம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்து ஒட்டியது. உங்கள் பெயர் அதற்கு ஐந்நூறு வருஷம் மூத்தது.

பெரி நகரத்துப் பக்கம் ஷிப்பர்பாட்டம் என்று ஓர் இடம். அதுதான் மூலம். முன்பாதியில் இருப்பது செம்மறியும் ஓடையும். ஷிப்லி, ஸ்கிப்டன் என்ற ஊர்ப்பெயர்களில் இருப்பதும் அதே ஆடுதான். கம்பளி கத்தரிப்பதற்கு முன் ஓடையை மறித்துத் தேக்கி, ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். மண்ணும் வியர்வைப் பிசுக்கும் போன கம்பளிக்கு விலை கூடுதல். உடனே கத்தரிக்க மாட்டார்கள். ரோமத்தில் எண்ணெய்ப் பசை திரும்ப ஏறச் சில நாள் விடுவார்கள், அப்போதுதான் கத்தரிக்கோல் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்படிப்பட்ட ஓடைக்கரையிலிருந்து போனவனுக்கு ஊர்ப்பெயரே பெயராயிற்று. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் ஷிப்பர் ஷிப்பிளாகி, ஷஃபிளாகிவிட்டது. முடிவில் ‘பாட்டம்’ என்பதை ‘போதம்’ என்று எழுதுகிறவர்கள் வெட்கப்பட்டு மாற்றியவர்கள் என்பார்கள். எல்லோரையும் அப்படிச் சொல்ல முடியாது, அதுவும் பழைய எழுத்துதான்.

மாப்பிள்ளை தன் முன்னோரைத் தேடுவதாக அம்மா சொன்னாள். இன்றைய பிறப்புச் சான்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகச் சொல். இடையில் தாவக் கூடாது. பிறப்பு, கல்யாணம், சாவு இவற்றின் அரசுப் பதிவு அங்கே 1837 ஜூலையில் தொடங்குகிறது. 1983 வரை அட்டவணை காலாண்டு வாரியானது, அதுவும் பதிவான தேதிப்படி. மார்ச் கடைசியில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கலாம். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், அதை நம்பிப் பிறந்த வருஷம் கணக்குப் போடாதே. 1851இல் பிறந்த ஊரே இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர் சர்ச் பதிவேட்டுக்குப் போகலாம். அந்தப் பதிவேடுகளுக்கு 1538இல் உத்தரவு வந்தது, ஆனால் பல ஊர்களில் ஆரம்ப ஏடுகள் மிஞ்சவில்லை. 1931 கணக்கெடுப்பு தீயில் போயிற்று, 1941இல் எடுக்கவே இல்லை.

எழுத்து மாறும், அதை மறக்காதே. ஒரே ஆளின் ஞானஸ்நானத்தில் ஒரு விதம், கல்யாணத்தில் ஒரு விதம், சாவில் ஒரு விதம் இருக்கும். கணினியில் தேடும்போது மாறக்கூடிய எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி (*) போட்டு எல்லா விதத்திலும் தேடச் சொல். குடும்பச் சின்னம் என்று கேடயம் வரைந்து விற்கிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். அங்கே சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் உரியது, பெயருக்கு உரியதல்ல.

கணவன் பெயரை எடுக்கத்தான் வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை, வழக்கம்தான். குறை சொல்லவில்லை. நம் ஊரில் வெறும் ‘தி.’யாக இருந்த என் பெயர், அங்கே ஃபாரத்தில் கடைசிப் பெயர் கேட்டதால் உன் குடும்பப் பெயராயிற்று. மிஸ் திருநாவுக்கரசு என்று கூப்பிட்டுத்தான் பட்டம் கொடுத்தார்கள். அன்றைக்கு அம்மாவுக்கும் எனக்கும் இருந்த பெருமை கொஞ்சமல்ல. உச்சரிக்கச் சிரமப்படுகிறார்கள் என்றாய். ஷஃபிள்பாட்டம் மட்டும் என்ன, வாயில் வழுக்கிக்கொண்டா போகிறது?

பழைய பெயரில் இருக்கிற பட்டச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் கல்யாணச் சான்றுதான் பாலம். இரண்டு மூன்று நகல் வாங்கி வை. எழுத்து சரிபார். 2021 மே மாதத்திலிருந்து கல்யாணப் பதிவில் அம்மா பெயரையும் சேர்க்கிறார்கள், அதற்கு முன் அப்பா பெயர் மட்டும்தான். உன்னுடையதில் எங்கள் இருவர் பெயரும் எப்படி எழுதியிருக்கிறது? ஸ்கேன் பண்ணி அனுப்பு. என் பெயரில் ஏதாவது எழுத்து விட்டுப்போயிருந்தால், பதிவு அலுவலகத்தில் திருத்த என்ன காகிதம் கேட்பார்கள் என்று விசாரித்து எழுது, இங்கிருந்து அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா