உன் பையனப் பத்தி கொஞ்சம் பேசணும்டி

சுமதிக்கு,

எப்டிடி இருக்க, காவேரிப்பட்டணத்துல இந்த வருஷம் மா காய்ப்பு எப்டி, அண்ணனுக்கு முட்டி வலி தேவலையா? இங்க அத்தைக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு சீரியல் பாக்கற அளவுக்கு தேறிட்டாங்க.

உன் பையன் ஹாஸ்டல்ல மூஞ்சியத் தூக்கி வச்சுட்டே இருக்கான்னு எழுதிருந்தியே, அதப் படிச்சதுலருந்து எனக்கு மனசே சரியில்ல. நல்ல காலேஜ், நல்ல மார்க், கேட்டதெல்லாம் வாங்கித் தரோம், இன்னும் என்னதான் கொறைன்னு கேட்டிருந்த. அமெரிக்கால டீனர், செலிக்மேன்னு ரெண்டு சைக்காலஜி ப்ரொபசருங்க 2002ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 222 காலேஜ் பசங்கள எடுத்து அதுல ரொம்ப சந்தோஷமா இருக்கற 10 சதவீதம் பேர மட்டும் தனியா பிரிச்சு மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. அந்தப் பசங்களுக்கு வாழ்க்கைல நல்லதா நடந்தது ஒண்ணும் மத்தவங்களவிட அதிகம் இல்லயாம், அவங்களுக்கும் அப்பப்ப மனசு சோர்ந்துதான் போச்சாம், ஆனா நெருங்கிப் பழக ஆளுங்க இருந்தாங்க. அது மட்டும் இருந்தா போதும்னும் அந்த ப்ரொபசருங்க சொல்லல, அது இல்லாம முடியாதுன்னுதான் சொன்னாங்க.

நான் தர்மபுரில பாடம் எடுக்கற கிளாஸ்லயே இத தெனம் பாக்கறேன்டி. பென்னாகரம் பக்கத்துலருந்து டவுன் பஸ் புடிச்சு வர்ற ஒரு பொண்ணு, ரெண்டு அரியர் இருக்கு, வீட்ல கஷ்டம், ஆனா மத்தியானம் ஆச்சுன்னா நாலு பேரும் ஒரே டிபன் மூடில சோத்தக் கொட்டி, ஒருத்தி கொண்டு வந்த கொள்ளுக் கொழம்ப மேல ஊத்தி பெசஞ்சு ஆளுக்கு ஒரு உருண்டை எடுத்துக்குவாங்க, அந்த சிரிப்பு ஸ்டாப் ரூம் வரைக்கும் கேக்கும். அதே கிளாஸ்ல முதல் மார்க் வாங்கற பொண்ணு கடைசி பெஞ்ச்ல தனியா ஒக்காந்து செல்லப் பாத்துட்டே சாப்புடுது. அதப் பாத்தா வயிறு எரியுது எனக்கு.

இன்னொண்ணு, கோச்சுக்காத. டெசி, ரயான்னு இன்னும் ரெண்டு சைக்காலஜி ப்ரொபசருங்க மனுஷ மனசுக்கு மூணு விஷயம் வேணும்னு சொல்லிருக்காங்க, நம்ம வழிய நாமளே தேர்ந்தெடுக்கணும், செய்யறத நல்லா செய்ய முடியுதுன்னு தோணணும், நமக்குன்னு ஆளுங்க இருக்கணும். அவன் அக்ரி படிக்கணும்னு பத்தாவதுலருந்து சொல்லிட்டிருந்தவன்தான, கம்ப்யூட்டர் சயின்ஸ் நீயும் அண்ணனும் எடுத்த முடிவு. படிப்ப மாத்தச் சொல்லல, ஆனா இனிமே எந்த ப்ராஜெக்ட், எந்த கிளப், லீவுல என்ன பண்றதுன்னு அவன் முடிவு பண்ணட்டும், நீ குறுக்க போகாத.

போன் பண்ணா மொதல்ல இன்டர்னல் மார்க் கேக்காத, இன்னிக்கு யார் கூட சாப்டன்னு கேளு. தொடர்ந்து தூக்கம் வரல, சாப்பாடு எறங்கலன்னு சொன்னான்னா தள்ளிப் போடாம 14416க்கு போன் பண்ணச் சொல்லு, டெலி மானஸ்னு மனசு கஷ்டத்துக்கு உதவற போன் சேவை, கவர்மென்ட்டோடது, காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க, ராத்திரி எந்நேரம் ஆனாலும் எடுப்பாங்க.

தீபாவளி லீவுக்கு அவன் வந்தா ரெண்டு நாள் இங்க அனுப்பி வை, என் பையனோட ஒகேனக்கல் போய்ட்டு வரட்டும். வர்றான்னா முன்னாடியே சொல்லு, மெத்தைய வெயில்ல போட்டு வைக்கிறேன்.

உன்,
கலா